காந்தம் தொடாத ஈயம்

தம்பி வாங்கிய காந்தம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதை அம்மாவின் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனது தப்பு. 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் நானும் அவனுமாகக் காலை ஊன்றி இழுத்தும் அது அசையவில்லை. மாமா வந்துதான் எடுத்தார். இழுக்கவே இல்லை. மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிக் கதவு விளிம்புக்குக் கொண்டுபோய்க் கழற்றினார். "காந்தத்த இழுக்கக் கூடாதுடா, தள்ளணும்" என்றார். கதவில் விழுந்த கீறலை அம்மா இன்னும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆற்றில் வீசிப் பழைய இரும்பு தேட இந்தக் காந்தத்தை வாங்கக் காரணம் ஒரு வீடியோ. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் தலைநகர் கொலம்பியா. அதை ஒட்டி காங்கரீ என்ற ஆறு ஓடுகிறது. 1865 பிப்ரவரியில், அவர்களுடைய உள்நாட்டுப் போர் முடியப்போகும் நேரத்தில், ஜெனரல் ஷெர்மனின் வடக்குப் படை அந்த ஊரைப் பிடித்தது. தெற்குப் படை விட்டுப்போன ரவையும் பீரங்கிக் குண்டும் அங்கே குவிந்து கிடந்தன. அத்தனையையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அப்படியே விட்டுவிட்டுப் போனால் நாளை அதே ரவை திரும்பி நம் மேலேயே வரும். அதனால் தங்களுக்கு வேண்டாததை ஆற்றில் கொட்டிவிட்டுப் போனார்கள். பின்னாளில் அந்தப் பக்கம் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை வந்தது. அதன் கழிவுத் தார் ஆற்றின் அடியில் படிந்து இறுகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாரை அகற்றுவதற்காக ஆற்றுக்குள் தற்காலிக அணை கட்டி, நீரை இறைத்து, தரையைச் சுரண்டினார்கள். தாரோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான போர்க்காலப் பொருள்களும் வெளியே வந்தன. ரவைகள், பீரங்கிக் குண்டுகள், ஒரு வாளின் அலகு, ஒரு வண்டிச் சக்கரம். 2023-ல் அவற்றை எடுத்துக் காட்டினார்கள்.

அதே மாநிலத்தில் பீ டீ என்று இன்னோர் ஆறு. 1865 மார்ச்சில் தெற்குக் கடற்படை, தன்னுடைய போர்க்கப்பல் எதிரி கையில் சிக்கக்கூடாதென்று, அதன் மூன்று பீரங்கிகளை ஆற்றில் தள்ளிவிட்டுக் கப்பலுக்குத் தீ வைத்தது. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2015-ல், மூன்றையும் பல்கலைக்கழகத்துத் தொல்லியலாளர்கள் தூக்கி எடுத்தார்கள்.

தம்பி இதையெல்லாம் பார்த்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைத்தான். "அண்ணே, நம்ம ஆத்துலயும் சண்ட நடந்துச்சுதானே?"

நடந்தது. எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அம்மா இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார், பஸ்காரரும் அதைத்தான் சொல்கிறார். ஊரைச் சுற்றித் தோட்டங்கள். அதில் ஒன்றின் பெயரே தென்னமரம் தோட்டம். தமிழ்ப் பெயர், ஆனால் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நட்டது அங்கேதான், 1917-ல். தென்னையின் பெயரை வைத்துக்கொண்டு பனையில் பேர் வாங்கிய தோட்டம் அது. தோட்டங்களுக்கு நடுவே பழைய ஈய லம்பங்கள், அதாவது ஈயம் தோண்டிய குழிகள், இப்போது குளம் குளமாகக் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் ஒட்டி சிலாங்கூர் ஆறு கோலா சிலாங்கூரை நோக்கிப் போகிறது. தண்ணீரின் நிறம் பால் கம்மியாக ஊற்றிய தே.

சிலாங்கூர் உள்நாட்டுப் போர், கிள்ளான் போர் என்றும் சொல்வார்கள். 1867-ல் தொடங்கி 1874 வரை இழுத்தது. பள்ளிக்கூடத்தில் படித்து மறந்ததை இந்த வாரம் மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க அது அரச குடும்பத்துப் பங்காளிச் சண்டையாகவே தெரிந்தது. கிள்ளான் ஒரு காலத்தில் ராஜா மஹாடியின் அப்பாவிடம் இருந்தது. அது அவர் கையை விட்டுப் போய் ராஜா அப்துல்லாவிடம் சேர்ந்தது. 1866-ல் ராஜா அப்துல்லா அங்கே வரி வசூலிக்கும் உரிமையை சிங்கப்பூர் வணிகர்களான வில்லியம் ரீட், தான் கிம் சிங் இருவருக்கும் குத்தகைக்கு விட்டார். அரச குடும்பத்தில் பிறந்தவன், நான் எதற்கு வரி கட்ட வேண்டும் என்றார் ராஜா மஹாடி. அடுத்த ஆண்டு கிள்ளானையே பிடித்துவிட்டார். சுல்தான் அப்துல் சமாட் 1868-ல் தன் மருமகன், கெடாவைச் சேர்ந்த துங்கு கூடினைத் தமக்குப் பிரதிநிதியாக்கினார். கூடின் 1870-ல் கிள்ளானை மீட்டார். மஹாடி விலகி வந்து பிடித்த இடம் கோலா சிலாங்கூர், அதாவது எங்கள் ஆற்றின் வாய்.

ஆற்று வாயைப் பிடிப்பது என்றால் என்னவென்று தோட்டத்து ஆளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்துக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சடக்கு, அதன் முனையில் ஒரு கேட், கேட்டில் ஜாகா என்கிற காவல்காரர் ஒருவர். அவர் தடியைத் தூக்கினால்தான் லோரி போகும். அன்றைக்கு ஆறுதான் சடக்கு. உலுவிலிருந்து, அதாவது ஆற்றின் மேற்பகுதியிலிருந்து, ஈயக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு வரும் படகு எதுவானாலும் கோலாவைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அங்கே பீரங்கியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஈயம் தோண்டத் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். உலுவில் மஹாடி பக்கம் சையத் மஷோர், கோலாலம்பூரில் கூடின் பக்கம் சீனர் தலைவர் யாப் ஆ லோய் என்று நின்றார்கள். 1872-ல் கோலாலம்பூர் விழுந்து எரிந்தது. மறு ஆண்டு பகாங்கிலிருந்து வந்த படையின் துணையோடு யாப் ஆ லோய் அதைத் திரும்பப் பிடித்தார். அதே ஆண்டுக் கடைசியில் கோலா சிலாங்கூரும் கூடின் பக்கம் வந்தது. அப்புறம் ரெசிடெண்ட் என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆலோசகர் வந்து உட்கார்ந்தார், கதை முடிந்தது. அதற்கும் முன்னாலேயே, 1871 ஜூலை 4 அன்று, கொள்ளைக்காரர்களைப் பிடிக்கிறோம் என்ற பேரில் 'ரினால்டோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோலா சிலாங்கூர்க் கோட்டை மேல் குண்டு போட்டிருந்தது. அந்தக் குன்றுதான் புக்கிட் மலாவாத்தி. இப்போது அங்கே போனால் பீரங்கி மேல் வெள்ளிக் குரங்கு உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் கடலைப் பொட்டலம் விற்பார்கள்.

சரி, ஆற்றில் குண்டு கிடக்கும் என்று தம்பி நினைத்ததில் தப்பில்லை.

மாமாவையும் கூட்டிக்கொண்டு போனதற்கு அவர் ஆற்றை அறிந்தவர் என்பதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவரிடம்தான் வேன் இருந்தது. மாமா ஈயக் கப்பலில் வேலை செய்தவர். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தானே தோண்டிய குளத்தில் தானே மிதக்கும் நாலு மாடிக் கட்டடம் மாதிரி ஒரு கப்பல், முன்னால் இரும்பு வாளிகள் சங்கிலியாகக் கோத்து இறங்கும், மண்ணை அள்ளிக்கொண்டு ஏறும். இராத்திரி முழுக்க அது கிறீச்சிடும் சத்தம் தோட்டத்து லயம் வரைக்கும் கேட்கும். சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் நொடித்து, லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. விலை பாதிக்கும் கீழே போனது. லண்டனில் யாரோ காசு கட்டவில்லை என்பதற்காக மாமா ஏன் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அதற்குப் பிறகு அவர் அமாங் கொட்டகை ஒன்றுக்கு வேலைக்குப் போனார். ஈயம் கழுவிய பின் மிஞ்சும் கறுப்பு மணலுக்குத்தான் அமாங் என்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் பசியாறிவிட்டு ஏழரை மணிக்கெல்லாம் ஆற்றோரம் இறங்கிவிட்டோம். "முதலை இருக்கும், தண்ணிக்குள்ள கால் வைக்காதீங்க" என்றார் மாமா. கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் கட்டினோம், மறுநுனியில் காந்தம். தம்பி வீசினான், நான் இழுத்தேன். முதல் இழுப்பிலேயே காந்தம் கனமாக வந்தது. மேலே எடுத்துப் பார்த்தால் அதற்குத் தாடி முளைத்திருந்தது. கருகருவென்று மணல், முள் முள்ளாக நட்டுக்கொண்டு நிற்கிறது. தடவிவிட்டால் கையோடு வரும், கையை எடுத்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய், அடுத்த வீச்சுக்கு முன் காந்தத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டுக் கட்டினோம். பையைக் கழற்றினால் மணல் தானாக உதிர்ந்துவிடும். இது மாமா சொன்ன வழி.

பத்து மணிக்குள் கிடைத்தவை: சைக்கிள் சங்கிலி ஒன்று, ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்கு மாட்டும் கம்பி ஏழெட்டு, கட்டை விரல் தடிமனில் ஒரு போல்ட்டு ("இது கப்பலோடது" என்று மாமா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்), நிறைய ஆணி.

அப்புறம்தான் அது வந்தது. முழங்கை நீளத்துக்கு, உருளையாக, ஒரு பக்கம் கூம்பி, மேலெல்லாம் துருவும் சேறும் அப்பிய ஒன்று. தம்பி அதைக் கரையில் போட்டதும் நான் பத்தடி பின்னால் போய்விட்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2008-ல் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் குண்டுகளைச் சுத்தம் செய்வதில் பழக்கப்பட்ட ஒருவர், தம் வீட்டு முற்றத்தில் வைத்து ஒரு பீரங்கிக் குண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து இறந்துபோனார். 140 ஆண்டுக்கு மேல் பழைய குண்டு. நம் நாட்டிலும் கட்டடத்துக்குத் தோண்டும்போது இரண்டாம் உலகப் போர்க் குண்டுகள் வருகின்றன. அப்படி ஒன்றைக் கண்டால் தொடாமல் விலகிப் போய்ப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். நான் கைப்பேசியை எடுத்துவிட்டேன். மாமா குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"கப்சாய் மோட்டார் எக்ஸாஸ்டுடா."

தம்பி அன்று முழுக்க அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்றான். இதோ எழுதிவிட்டேன்.

கடைசியாகக் கிடைத்த ஒரு சாமான்தான் மனத்தைக் கொஞ்சம் அசைத்தது. பிடியில்லாத ஒரு பரங்கத்தி. நுனி உடைந்து, விளிம்பு பிஸ்கட் மாதிரி கடிபட்டு, கையளவு நீளம்தான் மிச்சம். இது ராஜா மஹாடி ஆட்களுடையது என்று தம்பி அங்கேயே முடிவுகட்டிவிட்டான். பழைய பொருளாக இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். "மொதல்ல பழசான்னு பாப்போம்" என்றான். வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் செய்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. கத்தியை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் மாட்டி உள்ளே தொங்கவிட்டான். நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் தகடு. எவர்சில்வர் கரண்டியை மாட்டப் போனவனை, அதிலிருந்து குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும் என்று தடுத்தேன். அந்த ஒரு விஷயத்திலாவது என் படிப்பு உதவியது. கத்தியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. எரியும் வாயு என்பதால் வாளியைக் கூரைக்கு வெளியே வைத்தோம். இரண்டு நாளில் துரு மெத்து மெத்தென்று கழன்றது. பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அடியில் சாம்பல் நிற இரும்பு. பிடி இருந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்து, அச்சில் அடித்த எழுத்து. தொழிற்சாலையில் செய்து பெட்டி பெட்டியாகத் தோட்டத்துக்கு வந்த கத்தி. மஹாடி இல்லை, தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்த ஏதோ ஒரு மண்டோர். ஒருவேளை என் தாத்தாவேகூட. அவர் ஆற்றில் கத்தியைத் தொலைத்துவிட்டு, சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள் என்று பாட்டியிடம் புலம்பிய கதை எங்கள் வீட்டில் உண்டு. எத்தனையோ பேர் தொலைத்திருப்பார்கள், அது அவருடையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தம்பி வாளியைத் தூக்கி வைத்துவிட்டு வெகுநேரம் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறு ஞாயிறும் போனோம். மதியம் வரைக்கும் வீசினோம். ஆணி, ஆணி, மறுபடி ஆணி. தம்பி உட்கார்ந்துவிட்டான். அப்போது மாமா ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தச் சண்ட எதுக்கு நடந்துச்சுன்னு சொன்ன?"

"ஈயத்துக்கு மாமா. ஈய வரிக்கு."

"எதால சுட்டுக்கிட்டாங்க?"

"துப்பாக்கி... ரவை..."

"ரவை எதுல செஞ்சது?"

நான் வாயைத் திறந்தேன், மூடினேன். ரவையும் ஈயம்தான். தமிழ் இந்த இடத்தில் ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது. தோண்டி எடுத்தது வெள்ளீயம், சுட்டது காரீயம். இரண்டு வேறு உலோகங்கள், ஆனால் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். மலாய்க்காரர்கள் படகிலும் கூபு என்கிற அரணிலும் வைத்துச் சுட்ட லேலா என்கிற சின்னப் பீரங்கி பெரும்பாலும் வெண்கலம் அல்லது பித்தளை. பணமோ வெள்ளி. அந்தப் போரில் பறிகொடுக்க அஞ்சிய பொருள்களில் பெரும்பாலானதைக் காந்தம் தொடாது. இரண்டு ஞாயிறாக, 180 வெள்ளி கொடுத்து வாங்கிய காந்தத்தால், தேடி வந்ததை மட்டும் கவனமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"கொட்டகையில நாங்க என்னா செய்வோம் தெரியுமா" என்றார் மாமா. அமாங்கைக் காயவைத்து, ஓடுகிற பட்டையில் மெல்லிசாகப் பரப்பி, மேலே காந்தத்துக்கு அடியில் விடுவார்களாம். இல்மனைட் என்கிற கறுப்பு மணல் துள்ளி மேலே ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் போகும். மோனசைட் என்கிற இன்னொரு மணல் இன்னும் வலுவான காந்தத்துக்குத்தான் அசையும். எல்லாக் காந்தத்துக்கும் அசையாமல், எனக்கென்ன என்று கடைசி வரை பட்டையிலேயே படுத்துக்கொண்டு வருவதுதான் ஈய மணல். "காந்தம் வேணாம்னு விட்டுட்டுப் போறது எதுவோ, அதுதான் காசு. நீங்க தலகீழா செய்றீங்க."

இதை முதல் ஞாயிறே சொல்லியிருக்கலாமே மாமா என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார்.

இன்னொன்றும் சொன்னார். கப்பலில் இருந்த அத்தனை ஆண்டும் இந்தச் சுற்றுவட்டாரத்து மண்ணை நூறடி ஆழம் வரைக்கும் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அதில் எத்தனை கத்தி, எத்தனை ஜாடி வாளியில் ஏறியிருக்கும்! சுழலும் சல்லடையில் பெரும்பாலும் மரக்கட்டைதான் வரும், ஆள் உயரத்துக்கு, கறுத்துப்போய். ஒரு தரம் பித்தளைக் கும்பா ஒன்று வந்து, ஷிப்ட் முடிவதற்குள் காணாமல் போய்விட்டதாம். மஹாடியின் போரை அங்கே புதைத்து வைத்திருந்த தரை இப்போது தலைகீழாகக் கிடக்கிறது. காங்கரீ ஆற்றில் தார் மூடி வைத்திருந்தது, பீ டீயில் எந்த இடத்தில் தள்ளினார்கள் என்று ஏட்டில் இருந்தது. எங்கள் பக்கம் அதே ஈயத்தைத் தேடி வந்தவர்களே தடயத்தையும் வாரிவிட்டார்கள். உலுவில் கதை வேறு. கோலா குபு என்ற பெயரிலேயே கூபு, அதாவது அரண், இருக்கிறது. 1883 அக்டோபரில் அங்கே இருந்த பழைய அணை உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போனது. முதல் மாஜிஸ்திரேட்டும் அதில் இறந்தார். அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று இன்னும் சொல்கிறார்கள். பழைய ஊர் இருந்த இடத்தின் பெயர் அம்பாங் பெச்சா, உடைந்த அணை. போர் எதையாவது விட்டுவைத்திருந்தால் அது அந்தச் சேற்றுக்கு அடியில் இருக்கும். அங்கே போகலாமா என்று தம்பி கேட்டான். மாமா வேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவர் வேனை மறுபடி ஆற்றோரம் நிறுத்தினார். பின்பக்கத்திலிருந்து ஒரு மரத் தட்டை எடுத்தார். டூலாங். விறகுக்கடியில் கிடந்ததாம், ஒரு பக்கம் விரிசல். ஒரு காலத்தில் இதை வைத்து ஈயம் கழுவ அரசாங்கத்திடம் பாஸ் வாங்க வேண்டும், பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். முதலை இருக்கும் என்று எங்களை மிரட்டிய மனிதர் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிக் குந்தினார். கரையோரத்து மணலை ஒரு பிடி போட்டு, நீரைக் கொஞ்சமாக ஏந்தி, தட்டை வட்டமாக ஆட்டினார். தோள் ஆடவில்லை, மணிக்கட்டு மட்டும். வெள்ளை மணல் விளிம்பைத் தாண்டி வழிந்தது, அடுத்துப் பழுப்பு வழிந்தது. எழுபது வயதுக் கை, நடுங்கும் கை, தட்டில் மட்டும் நடுங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அடியில் ஒரு பிறை அளவு கறுப்பு. அதன் மேல் பிளாஸ்டிக் பை சுற்றிய காந்தத்தைக் காட்டச் சொன்னார். கறுப்பில் முக்கால்வாசி துள்ளி எழுந்து பையில் ஒட்டியது. மிச்சம் கால் கரண்டிகூட இருக்காது, அசையாமல் கிடந்தது. கறுப்பு என்று நினைத்தேன், வெயிலில் சாய்த்தால் அடர்ந்த தேன் நிறம்.

அதை அம்மாவின் காலித் தைலப் புட்டியில் போட்டுக்கொண்டு வந்தோம். தம்பி காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தான். அம்மா வாங்கி, உள்ளங்கையில் வைத்து, காய்கறிக் கடையில் எடை பார்ப்பது மாதிரி இரண்டு தரம் ஏற்றி இறக்கினார். "கொஞ்சூண்டா இருந்தாலும் கனமாத்தான் இருக்கு" என்றார். ஐஸ்பெட்டி மேல் வைக்கப் போனவர், கதவில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டு, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.